பொட்டு வைத்த பக்கம்

ஒரு மைக் வாங்குவதற்காக மூன்று மாதம் வீடியோ பார்த்தவள் நான். திருத்தணியில் காலை ரயில் ஏறி உட்கார்ந்ததும் இயர்போனை மாட்டினால் சென்னை வரும்வரை அதே வேலை. 'ஐயாயிரம் ரூபாய்க்குள் அட்டகாசமான ஐந்து கண்டன்சர் மைக்' என்று ஒருவன் ஆரம்பிப்பான். ஐந்தையும் வரிசையாக அட்டகாசம் என்று சொல்லி முடிப்பான். எதை வாங்குவது என்று கேட்டு வந்தவளை ஐந்தையும் காட்டி அனுப்பிவைப்பதற்கு ஒரு வீடியோ எதற்கு? இன்னொருவன் வந்து அந்த விலையில் வருவதெல்லாம் குப்பை, இதைப்போல மூன்று மடங்கு போட்டால்தான் மைக் என்பான். அத்தனை பேர் அறையிலும் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். அவர்கள் வீட்டில் யாரும் சமைப்பதில்லை, யாரும் தும்முவதில்லை, வாசலில் வெங்காய வண்டி வந்து நிற்பதில்லை. அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒருத்தனையும் விடாமல் பார்த்தேன்.

எனக்கு மைக் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனி ஒன்றில், சென்னையில், போனில் புகார் கேட்பது என் வேலை. மெஷின் ஒழுகுகிறவர்கள் எல்லாரும் என்னைத் திட்டுவார்கள். நான் திருப்பித் திட்டக் கூடாது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ரயில். கல்யாணம் நிலைக்காமல் நைனா வீட்டுக்கே திரும்பி வந்த எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு பிடிப்பு இல்லை. அப்போதுதான் கதைகளை வாசித்துப் பதிவு செய்து, காதால் கேட்கிறவர்களுக்குத் தருகிற ஒரு நிறுவனம் ஆள் தேடுவது தெரிந்தது. வீட்டிலிருந்தே வாசிக்கலாம். அரை மணி நேரம் வாசித்து மாதிரி ஒன்று அனுப்ப வேண்டும். போனில் பதிவு செய்தது செல்லாது, நல்ல மைக்கில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது மட்டும் கிடைத்துவிட்டால் ரயிலைவிட்டு இறங்கிவிடலாம். அதோடு, என் பாவாவிடம் எதற்கும் போய் நிற்காமல் வாழ்ந்துவிடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பாவா என்றால் என் அக்கா புருஷன். எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு, அதனால் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா. நைனா போன பிறகு அந்த வீட்டுக்கு ஆம்பளை அவர்தான். கீழே அக்காவும் அவரும், மாடியில் நான். கீழ்வீட்டின் முன்கூடத்தில் அவருடைய மைக் செட்: ஆம்ப்ளிஃபயர்கள், குழாய் ஹாரன்கள், ஒயர் சுருள்கள், தலைக்குமேல் அடுக்கிய பெட்டிகள். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் பள்ளிப்பட்டு வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல ஓட்டம். அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு பல்பு மாற்ற முடியாது. என் மாடிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். என் விவாகரத்துப் பத்திரத்தை முதலில் படித்தவரும் அவர்தான், நான் அல்ல. அதை நான் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் மைக் வாங்குவது, சமையல்காரன் வீட்டில் ஓட்டலிலிருந்து சாம்பார் வாங்கி வருவதற்குச் சமம். அக்காவிடம் சொன்னது அரை மணியில் அவர் காதுக்குப் போனது. மாடிப்படி ஏறி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே போவார்கள்; ஆட்டோ, ஷேர் ஆட்டோ, மொட்டை போட்டுக்கொண்டு திரும்பும் கூட்டம், எல்லாம் அந்த வழிதான். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"முப்பது வருசமா மைக் கட்டிகினு இருக்கறேன். இந்த ரூமுக்கு கைமைக்குதாம்மா சரி. வாய்கிட்ட வெச்சி படி, ஊரு சத்தம் வராது. நீ சொல்ற மைக்கு தெருவுல எலி ஓடனாலும் எடுக்கும்."

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். வீடியோக்காரர்களில் நேர்மையான ஒன்றிரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள்: சத்தமுள்ள அறைக்கு மேடையில் பிடிக்கிற டைனமிக் மைக் போதும், கண்டன்சர் மைக் மெல்லிய சவ்வு வைத்தது, மூச்சையும் விடாது, தெருவையும் விடாது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த பிறகு அதை நான் எப்படி வாங்குவது? கண்டன்சர்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். குரலில் உள்ள நுணுக்கமெல்லாம் அதில்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல.

அடுத்து மூன்று பின் மைக்கா, யுஎஸ்பி மைக்கா என்ற கேள்வி. மூன்று பின் மைக் என்றால் அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். ஆனால் நாளைக்கு வேறு நல்ல மைக் வாங்கினாலும் அந்தப் பெட்டி உதவும். யுஎஸ்பி மைக் ஒரே ஒயர், நேராக லேப்டாப்பில் செருகிப் பேச வேண்டியதுதான்; ஆனால் போனால் மொத்தமும் போச்சு. பாவா மூன்று பின்தான் வாங்க வேண்டும் என்றார். அவசரத்துக்கு அவருக்கும் ஆகும் என்றார். என் மைக் ஏதாவது ஒரு காதுகுத்தில் மாமன் சீர் பேர் கூவிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். யுஎஸ்பி மைக்கை அவருடைய ஆம்ப்ளிஃபயரில் செருக முடியாது. எத்தனையோ ஒப்பிட்டுப் பார்த்த மூன்று மாதத்தில், ஒரு மைக்கை நான் தேர்ந்தெடுக்கக் கடைசிக் காரணமாக இருந்தது இதுதான். நல்ல கம்பெனி, விலை கைக்கு அடக்கம், தாங்கிப் பிடிக்க ரப்பர் கயிறு கட்டிய வளையமும் கூடவே வரும். இணையத்தில் வாங்கினேன்.

பார்சல் வந்த நாள் நான் சென்னையில் இருந்தேன். அதை வாங்கி வைத்தது அக்கா. பிரித்தது பாவா. பிரித்ததோடு விட்டாரா? அன்று செவ்வாய்க்கிழமை. எந்தப் புதுச் சாமானும் மலைக்குப் போய்ச் சாமி காலடியில் வைத்து எடுத்துவராமல் தொழிலுக்குப் போகாது என்பது அவர் சட்டம். புது ஆம்ப்ளிஃபயர் போயிருக்கிறது, புது ஹாரன் போயிருக்கிறது, வண்டி போயிருக்கிறது. என் மைக்கும் மஞ்சள் பையில் மலை ஏறியது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை நான் வந்தபோது அது என் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தது. வலைத்தலையின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம், சுற்றி விபூதி. கூட வந்த சீட்டுத் தாளில் பூவும் வாழைப்பழமும் மடித்து வைத்திருந்தார். எப்படி உபயோகிப்பது என்று எழுதியிருந்த தாள் அது. பழம் கசிந்து எழுத்தெல்லாம் ஊறிப்போயிருந்தது.

அந்த வலைக்குப் பின்னால் இருப்பது வெங்காயச் சருகைவிட மெல்லிய சவ்வு. எச்சில் தெறிக்கக் கூடாது, ஊதக் கூடாது, தூசு போகக் கூடாது என்று உலகமே தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறது. இவர் ஈரச் சந்தனத்தை அப்பி வைத்திருக்கிறார். குரங்கு கையில் பூமாலை என்று நினைத்தேன். கீழே போய்க் கத்தலாம் என்றால், சாமி பிரசாதத்துக்கு எதிராகக் கத்துகிறாள் என்று அக்கா ஆரம்பிப்பாள். அதனால் அன்றைக்கு விழுங்கினேன். சந்தனத்தைத் துடைக்கவும் பயமாக இருந்தது. துடைத்தால் உள்ளே போய்விடும். காய்ந்து அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மைக்கை வளையத்தில் மாட்டி, பொட்டு என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன்.

ஏன் அப்படித் திருப்பினேன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. பீரோவுக்கும் கிரைண்டருக்கும் லாரிக்கும் எங்கள் வீடுகளில் பொட்டு வைக்கிற பக்கம்தான் முகம். பொட்டு இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தவளை நான் கண்டதில்லை.

விடுமுறை நாள் ஞாயிறு என்பதால் அன்றுதான் பதிவு. மேஜை அறை நடுவில், நாற்காலியில் நான், எனக்கு எதிரே மைக், மைக்குக்கு அந்தப் பக்கம் சாத்திய ஜன்னல். எனக்குப் பின்னால் பீரோவைத் திறந்து வைத்தேன். தொங்குகிற புடவைகள் எதிரொலியைத் தின்னும் என்று ஒரு வீடியோக்காரன் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் இலவசம். மின்விசிறியை அணைத்தேன். மே மாதம். கழுத்தில் வேர்வை ஓட, ஒரு ராணியின் காதலைப் பற்றி உருகி உருகி வாசித்தேன். வாசித்து முடித்துப் போட்டுக் கேட்டால், என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் தெரு என் மடியில் உட்கார்ந்திருந்தது. வெங்காய வண்டி, ஆட்டோ, யாரோ யாரையோ கூப்பிடுவது, எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு.

அதுகூடப் பரவாயில்லை. நடுவில் பாவாவின் குரல் வந்தது. முப்பது வருஷமாக ஊரே கேட்ட 'ஹலோ, ஹலோ' குரல், இப்போது தணிந்து, யாரிடமோ முணுமுணுத்தது. அவர் குரலைத் தணித்துப் பேசி நான் கேட்டதில்லை. தணித்துப் பேசினால் யாரைப் பற்றிப் பேசுவார்? மாடியில் இருப்பவளைப் பற்றித்தான். முதல் எழுத்து காதில் விழுந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அதை 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். எப்படியும் ஒரு தடவை வந்துவிடும் அந்தக் குரல். வந்த இடத்தில் நிறுத்துவேன், தள்ளுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிப்பேன். ராணியின் காதல் எனக்கு வெறுத்துப்போனது.

மைக்கை என்னென்னவோ செய்து பார்த்தேன். இன்னும் கிட்ட உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன், தெருவும் கூடிக்கொண்டது. கார்டியாய்ட் என்றால் இதய வடிவம், முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதற்கு அது செவிடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவ்வளவு படித்தவள் நான். பெட்டியைப் பிரித்து மாட்டுவது எப்படி என்று வருகிற பகுதியை மட்டும் எல்லா வீடியோவிலும் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தேன். அது தெரியாதா எனக்கு? அதனால் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. சந்தனம். சந்தனம் உள்ளே இறங்கிச் சவ்வை அடைத்துவிட்டது. இருந்ததில் தேவலை என்ற ஒரு பதிவை அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. எழுதிய பெண் மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். குரல் பிடித்திருக்கிறது, உச்சரிப்பு சுத்தம், ஆனால் நீங்கள் அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோலவும் தெரு பக்கத்தில் இருப்பதுபோலவும் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இன்னொரு மாதிரி அனுப்புங்கள், அதற்குமேல் காத்திருக்க முடியாது. புகார் போனில் திட்டு வாங்கிய அத்தனை வருஷத்தில் என்னை அழவைத்தது இந்த மரியாதைதான்.

அதே வாரம் கிருத்திகை. பள்ளிப்பட்டிலிருந்து பாவாவின் அண்ணன் குடும்பம் மலைக்கு வந்துவிட்டுக் கீழ்வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தது. நானும் பரிமாறிக்கொண்டிருந்தேன். மைக் எப்படி வேலை செய்கிறது என்று பாவா கேட்டார். சும்மாதான் கேட்டார், சாம்பாரை ஊற்றிக்கொண்டே. சாமி காலடியில் வைத்து எடுத்துவந்த மைக், இனிமேல் இவளுக்கு ஏறுமுகம்தான் என்று அண்ணனிடம் வேறு பெருமையாகச் சொன்னார். எனக்குள் ரயில், வேர்வை, ராணி, பத்திரம், எல்லாம் சேர்ந்து எழுந்தது. கையில் இருந்த அப்பளத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் அண்ணன் எதிரில், அண்ணன் பெண்டாட்டி எதிரில் சொன்னேன்.

"சாவு வூட்டுக்கு ஹாரன் கட்ற கையி. அது தொட்ட பொருளு எப்டி வெளங்கும்?"

அதுவரை ஒருநாளும் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. யார் அவரிடம் பேசியிருப்பார்கள்? சாவு வீட்டில் விடிய விடிய நின்று ஒயர் இழுக்கிற மனுஷனிடம் இந்த ஊரில் ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. மனதில் நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். அக்கா என் பெயரைச் சொல்லி அதட்டினாள். பாவா இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்து போய்க் கை கழுவினார். பின்கட்டுக் குழாயடியில் நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறவில்லை. நான் கூடத்தைக் கடந்து போகும்போது ஒயரைச் சுற்றிக்கொண்டே இருப்பார். அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் தெரு முன்பைவிட மோசமாக இருந்தது. வெங்காய வண்டிக்காரன் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று ஒலிபெருக்கியில் கத்தினான். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முழுதாக வாசிக்க முடியவில்லை. பாவா குரல் மட்டும் வரவில்லை. இவர்தான் தெருவையே என்மேல் ஏவிவிடுகிறார், பழி தீர்க்கிறார் என்று நினைத்தேன். உறுதியாகவே நினைத்தேன்.

கெடு முடிய பத்து நாள் இருந்தபோது மைக்கைத் துண்டில் சுற்றி, லேப்டாப்போடு சென்னைக்கு எடுத்துப் போனேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இசைக் கருவிகளும் மைக்கும் விற்று ரிப்பேரும் செய்கிற கடை ஒன்று உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் போனேன். கடைக்காரர் துண்டைப் பிரித்தார். காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன்: எவனோ ஒரு மைக் செட்காரன், மூளை இல்லாதவன், சந்தனத்தை வைத்துக் கெடுத்துவிட்டான். 'எவனோ' என்றேன். அவர் லேப்டாப்பில் செருகி, வளையத்தைக் கழற்றிவிட்டு, மைக்கைக் கையில் பிடித்து என் முன்னால் நீட்டினார். பொட்டு அவர் பக்கம் இருந்தது. பேசச் சொன்னார். நான் என் வேலைப் பழக்கத்தில், வணக்கம், உங்கள் புகார் என்ன என்றேன். போட்டுக் காட்டினார். என் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. பிறகு பொட்டு என் பக்கம் வருமாறு திருப்பி மறுபடி பேசச் சொன்னார். கிணறு.

"மேடம், இவ்ளோ நாளா இதோட முதுகுகிட்ட பேசிகினு இருந்திருக்கீங்க."

வளையம் மறைத்திருந்த இடத்தில் கம்பெனி பேர் பொடி எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே மிளகு அளவுக்கு ஓர் இதயப் படம். அந்தப் பக்கம்தான் முகம். அவர் சிரிக்கவில்லை. நிறைய பேர் செய்கிற தப்புதான், மேடை மைக் மாதிரி உச்சியில் பேசுகிறவர்கள்கூட உண்டு என்றார். சந்தனம் மேல்வலையோடு நின்றுவிட்டது, உள்ளே துணி இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை மட்டுமா சொன்னேன், கூடத்தில் சோறு தின்றுகொண்டிருந்த மனுஷனையும் சேர்த்துச் சொன்னேன்.

மாலை ரயிலில் இடம் கிடைத்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்த மைக்கின் முகம் இத்தனை வாரமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றால், தெருவில் நடந்ததெல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். கையும் களவுமாகப் பிடிக்கலாம். என்னைப் பற்றி என்னதான் பேசினார் என்று தெரிந்தால், அன்று நான் சொன்னதுக்கும் இதுக்கும் சரியாகப் போய்விடும். எனக்கு அது வேண்டியிருந்தது. இயர்போனை மாட்டி, 'வேஸ்ட்' ஃபோல்டரைத் திறந்து, அவர் குரல் தொடங்கும் இடத்தைத் தேடி, இந்த முறை நிறுத்தாமல் கேட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப்போயி கூவேன். மேல எங்க மச்சினிச்சி படிச்சிகினு இருக்குது."

வெங்காய வண்டிக்காரன் ஏதோ கேட்கிறான். அவர் சொல்கிறார்: "அதுக்கு வாயி ஜாஸ்தி. ஆனா கொரலு நல்லா இருக்கும்."

அடுத்த பதிவில் ஒரு ஷேர் ஆட்டோ. ஹாரன் அடிக்காதே, மாடியில் ரெக்கார்டிங் போகிறது, அரை மணி நேரம் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போ என்கிறார். அதற்கடுத்ததில் மலைக்குப் போய்விட்டு வரும் ஒரு கூட்டத்தை, குழந்தைகளோடு, ஒவ்வொருவராகக் கையமர்த்தி அனுப்புகிறார் போலிருக்கிறது. காலடிச் சத்தமும், 'மெல்ல, மெல்ல' என்ற அந்தத் தணிந்த குரலும் மட்டும் கேட்கிறது. ஏழு பதிவுகள். ஏழு முறை நான் அவரை முதல் எழுத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால், தூரத்தில், கிணற்றுக்குள், நான் ஒரு ராணிக்காக உருகிக்கொண்டிருந்தேன். அரக்கோணத்தில் எதிர் சீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முன்கூடத்தில் ஹாரன்களை இறக்கி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்த ஹாரன் ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டு. ஆம்ப்ளிஃபயர்களிலும் அப்படித்தான், பின்பக்கம். முன்பக்கம் சவுண்டு சர்வீஸ் பேர் பெயின்டில் எழுதியிருக்கும், அதை மறைக்கக் கூடாது. வருஷக் கணக்காக அந்தக் கூடத்தைக் கடந்து மாடி ஏறியவள் நான். என் மைக்கிலும் அவர் கம்பெனி பேரைத் தேடிப் பார்த்து, அதை மறைக்காமல் மறுபக்கம் வைத்திருக்கிறார். அந்தப் பொடி எழுத்தை அவர் பார்த்தார். மூன்று மாதம் படித்த நான் பார்க்கவில்லை.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று ரயிலில் தீர்மானம் செய்திருந்தேன். வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். புகார் கேட்கிற வேலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை மன்னிக்கவும் என்கிற வாய், அங்கே திறக்கவில்லை. இவர் நல்லவராக இருந்து என்னை இப்படி மாட்டிவிட்டாரே என்றுதான் மறுபடியும் எரிந்தது. கடைசியில், மைக் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஹாரனைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆங். அன்னிக்கி தலைக்கு குளிச்சிட்டுதாம்மா மலைக்கு எடுத்துகினு போனேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஹாரனை எடுத்தார். நான் மேலே போய்விட்டேன்.

அந்த ஞாயிறு மைக்கைத் திருப்பி வைத்து வாசித்தேன். ஒரே தடவை. அரை மணி நேரம், நிறுத்தாமல். போட்டுக் கேட்டால் என் குரலும் என் மூச்சும் மட்டும் இருந்தது. அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். புகார் வேலையை விட்டுவிட்டேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள் காலையில் வாசிக்கிறேன். பொட்டை இன்னும் துடைக்கவில்லை. பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம், இனிமேல் முதுகு எது என்று மறக்காமல் இருக்கத்தான். பாவாவும் நானும் தண்ணீர், கரண்டு, அக்காவின் மாத்திரை என்று தேவைக்குப் பேசிக்கொள்கிறோம். அதற்குமேல் இல்லை.

வாசிக்கும்போது சில நாள் தெரு சட்டென்று அடங்கிப்போகும். வெங்காய வண்டி தூரத்தில் போய்க் கூவும். தானாக அடங்குகிறதா, யாராவது வாசலில் நின்று சொல்கிறார்களா என்று பதிவைப் போட்டுக் கேட்டால் தெரியாது. மைக்கின் செவிட்டுப் பக்கம் இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதுவரை நான் திறக்கவில்லை.